பிள்ளை வந்து சொல்ல வீட்டில் ஒரு வாசல்

(பெற்றோருக்கான பாடம்)

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பெற்றோர் என்னிடம் அதிகமாய்க் கேட்கிற கேள்வி இதுதான்: "பிரதர், பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போன் கொடுக்கலாம்?" பல வருஷமாய் வாலிபர் வகுப்பு எடுக்கிறவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். இந்தப் பாடத்தின் கடைசியில் அதற்கும் பதில் உண்டு. ஆனால் அதற்கு முன்னே நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் போனுக்குள்ளே ஒரு நாள் பிள்ளைக்கு ஆபத்து வந்தால், அன்று இரவு அவன் யாரிடம் போய்ச் சொல்லுவான்? அவள் யாரிடம் வந்து அழுவாள்?

"எங்கிட்டதான் சொல்லுவான், வேற யார்கிட்ட?" என்று உடனே பதில் சொல்லிவிடாதிருங்கள். பாடத்தை முழுவதும் வாசித்துவிட்டுச் சொல்லுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தால் இன்னும் நல்லது.

1. இது நம் வீட்டுக்குள் வந்த வழி

நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு காலத்தில் நம்முடைய அநேக வீடுகளில் டி.வி. கிடையாது. வேண்டாம் என்று தீர்மானித்தோம், வாங்கவில்லை, அவ்வளவுதான். அது ஒரு பெட்டி. கடையில் போய் வாங்கி, வண்டியில் ஏற்றி, மாடியில் ஆன்டெனா கட்டினால்தான் அது வீட்டுக்குள் வரும். ஆகையால் அதை வாசலிலேயே நிறுத்திவைக்க முடிந்தது.

இன்டர்நெட் அப்படி வரவில்லை. 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் என்னும் அரசு நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் சேவையைத் தொடங்கியது. அப்போது அது வசதியுள்ள சிலருக்கு மட்டுமே எட்டியது. பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிரவுசிங் சென்டர்கள் வந்தன. பரீட்சை ரிசல்ட் பார்க்கப் பிள்ளைகள் காசு கொண்டுபோய் அங்கே வரிசையில் நின்றார்கள். 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. எத்தனையோ ஏழை வீடுகளில் முதன்முதலாக நுழைந்த கம்ப்யூட்டர் அதுவே. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை வந்தபின் டேட்டா விலை மளமளவென்று இறங்கிற்று. பால் பாக்கெட் வாங்குகிற வீட்டிலெல்லாம் இன்டர்நெட்டும் இருந்தது.

பிறகு 2020 மார்ச்சில் கொரோனாவினால் பள்ளிகளை மூடினார்கள். தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திரும்ப வகுப்பறைக்குப் போனார்கள். ஏறக்குறைய 19 மாதம்! அந்த நாட்களில் அநேக பிள்ளைகளுக்குப் பாடம் போனில் வந்தது, வீட்டுப்பாடம் வாட்ஸப்பில் வந்தது. "போனைத் தொடாதே" என்று அதட்டின அதே வாயினால் "போனை எடுத்துப் படி" என்று சொல்ல வேண்டியதாயிற்று. காதில் கிடந்ததை அடகு வைத்துப் பிள்ளைக்குப் போன் வாங்கிக் கொடுத்த தாய்மாரை நான் அறிவேன்.

ஆகவே, "நீதானே வாங்கிக் கொடுத்தே" என்று கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் குற்றப்படுத்துவதில் பிரயோஜனமில்லை. டி.வி. பெட்டியை வாசலில் நிறுத்தினதுபோல இதை நிறுத்த இனி முடியாது. பரீட்சைக்கு விண்ணப்பம், ஹால் டிக்கெட், ரயில் டிக்கெட், பேங்க் எல்லாம் இதற்குள் வந்துவிட்டது. வீட்டுக்குள் வந்துவிட்ட இதோடு பிள்ளையை எப்படி வளர்ப்பது என்பதையே நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

2. பிள்ளைகளுக்குத் தெரிந்ததும் தெரியாததும்

1999-ஆம் வருஷம் டெல்லியில் கல்காஜி என்னும் பகுதியில் நடந்த ஒரு காரியத்தைக் கவனியுங்கள். சுகதா மித்ரா என்பவர் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிறுவனத்தில் வேலை செய்தார். அந்த அலுவலகத்தின் மதிற்சுவருக்கு அந்தப் பக்கம் குடிசைப்பகுதி. அவர் அந்தச் சுவரில் ஓர் இடத்தை இடித்து, இன்டர்நெட் இணைப்புள்ள ஒரு கம்ப்யூட்டரைப் பதித்து வைத்தார். சொல்லிக்கொடுக்க ஆசிரியர் இல்லை, எழுதிவைத்த குறிப்பும் இல்லை. தெருவில் விளையாடின பிள்ளைகள் வந்து கூடினார்கள். ஒருவன் தட்டிப்பார்த்தான், மற்றவன் பார்த்துக் கற்றான், மூன்றாமவன் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். கம்ப்யூட்டரையே கண்டிராத பிள்ளைகள், இங்கிலீஷ் தெரியாத பிள்ளைகள், தாங்களாகவே அதை இயக்கவும் இன்டர்நெட்டில் உலாவவும் கற்றுக்கொண்டார்கள். உலகம் முழுவதும் இதைக் குறித்துப் பேசினார்கள்.

நம் வீட்டிலும் இதுதானே நடக்கிறது? எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தை யூடியூப்பைத் திறந்துவிடுகிறது. நாம் ஒரு லாக் போட்டால் நாலு நாளில் அதை எடுத்துவிடுகிறான். அதைப் பார்த்து, "அவனுக்கு எல்லாம் தெரியும் பிரதர், எனக்குத்தான் ஒண்ணும் தெரியல" என்று தகப்பன்மார் ஒதுங்கிக்கொள்கிறார்கள். இங்கேதான் நாம் ஏமாந்துபோகிறோம்.

சைக்கிள் ஓட்ட ஒரு பிள்ளை இரண்டு நாளில் கற்றுக்கொள்ளும். ஆனால் எதிரே வருகிற லாரிக்காரன் எந்தப் பக்கம் ஒடிப்பான் என்று அதற்குத் தெரியுமா? மெயின் ரோட்டுக்குத் தனியே அனுப்புவோமா? போனை இயக்குவது சைக்கிள் மிதிப்பதைப்போல. மனுஷனுடைய பேச்சில் உள்ள கள்ளத்தை அறிவது வேறு ஞானம். அது வயதினாலும் அடிபட்ட அனுபவத்தினாலும் வருகிறது. அந்த அறிவு உங்களிடம் இருக்கிறது. ஒரு பட்டனையும் தட்டத் தெரியாத தாய்க்கும் அது இருக்கிறது. ஆகையால் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று ஒதுங்கிப்போகாதிருங்கள்.

3. இந்தக் கருவியைச் செய்த விதம்

"எத்தனை தடவை சொன்னாலும் விடமாட்டேங்கிறான், மனசுல கட்டுப்பாடே இல்ல" என்று பிள்ளையைத் திட்டுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். ஸ்கின்னர் என்னும் அமெரிக்க மனோதத்துவ அறிஞர் புறாக்களை வைத்துச் சோதனை செய்தார். பொத்தானைக் கொத்தினால் தீனி விழும். கொத்தும்போதெல்லாம் விழுந்து, பிறகு தீனி நின்றுவிட்டால், புறாவும் சீக்கிரத்தில் கொத்துவதை விட்டுவிடும். ஆனால் எப்போது விழும் என்று தெரியாதபடி, சில தரம் விழுந்தும் சில தரம் விழாமலும் பழக்கப்பட்ட புறா ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். தீனி நின்றபின்பும் நெடுநேரம் கொத்தும். சூதாட்ட மெஷினும் இந்த விதியின்படியே மனுஷனைப் பிடித்துவைக்கிறது.

ரீல்ஸ் தள்ளுகிற விரலைப் பாருங்கள். அடுத்தது நன்றாயிருக்குமோ, சப்பென்று இருக்குமோ தெரியாது, ஆகவே தள்ளிக்கொண்டே இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு பக்கம் முடிந்தால் "அடுத்த பக்கம்" என்று அழுத்த வேண்டும். அந்த இடத்தில் மனம் ஒரு கணம் நின்று, "போதும்" என்று சொல்ல வாய்ப்பு இருந்தது. 2006-ல் ஏசா ராஸ்கின் என்பவர் முடிவே இல்லாமல் கீழே வந்துகொண்டிருக்கும் முறையை வடிவமைத்தார். பிற்காலத்தில் அதற்காக வருந்துவதாக அவரே வெளியரங்கமாய்ச் சொன்னார். பெரிய கம்பெனிகளில் படித்த அறிவாளிகள் கூட்டமாய் உட்கார்ந்து செய்த கருவிக்கு முன் நம்முடைய 12 வயதுப் பிள்ளை தனியே உட்கார்ந்திருக்கிறது. அதைத் திட்டுவதற்குமுன் அந்தப் பக்கத்தில் இருக்கிற பலத்தையும் எண்ணிப் பாருங்கள். நாமும் ராத்திரி பதினொரு மணிக்கு அதே விரலைத் தள்ளிக்கொண்டுதானே இருக்கிறோம்?

4. வலை விரிக்கிறவன் நம்பியிருக்கிற ஆயுதம்

இப்போது முக்கியமான பகுதிக்கு வருகிறேன். நேரம் வீணாவதைவிடக் கொடிய ஆபத்து ஒன்று உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததை, யாரென்று அறியக்கூடாதபடி, சொல்லுகிறேன்.

பையனுக்கு 15 வயது. போனில் ஒரு விளையாட்டு ஆடுவான். அதில் ஒரு பெண் சிநேகிதமானாள். நன்றாய் ஆடுகிறாய் என்று புகழ்ந்தாள். விளையாட்டுக்குள் பரிசு அனுப்பினாள். பிறகு, "இங்க பேச வேண்டாம், வேற ஆப்ல வா" என்றாள். தன் படம் என்று சொல்லி ஒன்றை அனுப்பி, அவனுடையதையும் கேட்டாள். அனுப்பக்கூடாத படம் ஒன்றை அவன் அனுப்பினான். அடுத்த நிமிஷமே பேச்சு மாறிற்று. அவள் பெண்ணே அல்ல. "500 ரூபாய் அனுப்பு. இல்லேன்னா உன் அப்பா, அம்மா, ஸ்கூல் கிளாஸ்மேட் எல்லாருக்கும் இந்தப் படம் போகும்" என்று மிரட்டல் வந்தது. பையன் அம்மா பீரோவிலிருந்து எடுத்து அனுப்பினான். அடுத்து 2,000 கேட்டார்கள். அதையும் எப்படியோ அனுப்பினான். 11 நாள் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை. பரீட்சை பயம் என்று வீட்டார் நினைத்தார்கள். கடைசியில் ஊரிலிருந்து வந்த அத்தையிடம் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டான். அந்த அத்தை வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் அவன் தாய் நினைத்து நடுங்குகிறாள்.

"ஏண்டா எங்ககிட்ட சொல்லல?" என்று தகப்பன் கேட்டார். பையன் தலை நிமிராமல் சொன்னான்: "சொன்னா போனை உடைச்சிருப்பீங்க. என்னைக் கொன்னுருப்பீங்க."

பிரியமானவர்களே, இந்த வார்த்தையைச் சற்றே நிதானித்துப் பாருங்கள். மிரட்டினவன் எங்கேயோ இருக்கிறான். அவன் கையில் கத்தியில்லை. "உன் அப்பாவிடம் சொல்லுவேன்" என்ற ஒரே வாக்கியத்தை வைத்து அவன் பணம் பறிக்கிறான். நம்முடைய கோபத்தைத்தான் அவன் ஆயுதமாய் உபயோகிக்கிறான். பிள்ளை நமக்குப் பயந்தால்தான் அவனுக்குப் பிழைப்பு! "அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன், போடா" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால், அவன் மிரட்டலில் பாதி அங்கேயே விழுந்துபோகும்.

இது எங்கேயோ ஒன்று நடக்கிற காரியமல்ல. காணாமற்போன மற்றும் சுரண்டப்படும் பிள்ளைகளுக்கான அமெரிக்கத் தேசிய மையத்துக்கு, இவ்விதமாய்ப் படத்தை வைத்துப் பணம் கேட்டு மிரட்டின புகார்கள் 2022-ல் 10,731 வந்தன. 2023-ல் அது 26,718 ஆயிற்று. அதில் பெரும்பாலும் சிக்குகிறவர்கள் வாலிப வயதுப் பையன்கள். "பெண் பிள்ளையாயிருந்தால்தான் பயம்" என்று நினைத்திருக்கிற பெற்றோர் இதைக் கவனிக்கக்கடவர்கள்.

5. அந்த நாளில் செய்ய வேண்டியது

பிள்ளை வந்து சொல்லிவிட்டது. அப்போது என்ன செய்வது?

முதலாவது, கை ஓங்காதிருங்கள். "நீ சொன்னது நல்லதாப் போச்சு. இதை நாம சேர்ந்து பார்த்துக்கலாம்" என்று சொல்லுங்கள். அன்று இரவு பிள்ளையைத் தனியே படுக்கவிடாதிருங்கள்.

இரண்டாவது, பணம் அனுப்பாதிருங்கள். கொடுத்தால் விடுவதில்லை, இன்னும் கேட்பான். மேற்சொன்ன பையனுக்கு 500 என்பது 2,000 ஆனதைப் பார்த்தோமே.

மூன்றாவது, கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாதிருங்கள். அவன் பெயர், நம்பர், மிரட்டின செய்தி, பணம் போன கணக்கு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, அதன்பின் பிளாக் பண்ணுங்கள். ஆனால் பிள்ளையின் அந்தப் படத்தை "ஆதாரம்" என்று சொல்லி உறவினருக்கோ, சபையாருக்கோ, எனக்கோ அனுப்பாதிருங்கள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் அப்படிப்பட்ட படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி குற்றம். போலீஸ் கேட்டால் போனை அவர்களிடமே காட்டுங்கள்.

நான்காவது, 1930 என்ற நம்பருக்குப் போன் பண்ணுங்கள். அது சைபர் குற்றங்களுக்கான உதவி எண். பணம் போயிருந்தால் எவ்வளவு சீக்கிரம் சொல்லுகிறீர்களோ அவ்வளவு நல்லது. பிள்ளைகளுக்கான உதவி எண் 1098. பிள்ளையே நேரடியாக அதில் பேசலாம், காசு கிடையாது. 'டேக் இட் டவுன்' என்று ஒரு இலவச சேவையும் 2023 முதல் உண்டு. அதில் படத்தை அனுப்ப வேண்டியதில்லை. போனிலேயே அந்தப் படத்துக்குக் கைரேகைபோல ஒரு அடையாள எண் உண்டாகும், அந்த எண் மட்டுமே போகும். இதில் சேர்ந்திருக்கிற கம்பெனிகள் அதைக் கொண்டு தங்கள் தளத்தில் அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

"போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனா மானம் போயிரும்" என்று அநேகர் பின்வாங்குகிறார்கள். 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்புகிற இடத்திலோ வாக்குமூலம் வாங்க வேண்டும். வாங்குகிற அதிகாரி யூனிபார்மில் வரக்கூடாது. பிள்ளையை இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக்கூடாது. பத்திரிகையில் பெயரோ படமோ வரக்கூடாது. இவை சட்டம் கொடுத்திருக்கிற பாதுகாப்பு, கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாவது, இது சபையாராகிய நமக்கு. ஒரு வீட்டில் இப்படி நடந்தது என்று கேள்விப்பட்டால், ஜெபக்குறிப்பு என்ற பெயரில் பிள்ளையின் பெயரைச் சொல்லி வாட்ஸப் குரூப்பில் போடாதிருங்கள். உபவாசக் கூட்டத்தில் எழுந்து சொல்லாதிருங்கள். அந்தப் பிள்ளை அடுத்த ஞாயிறும் இதே பாயில் வந்து உட்கார வேண்டாமா? சட்டமே மறைக்கச் சொல்லுகிற பெயரை நாம் வெளியாக்கலாமா?

6. அந்த நாள் வருமுன் செய்ய வேண்டியது

ஒரு தகப்பன் என்னிடம் கேட்டார்: "எதுவும் சொல்லக்கூடாது, அடிக்கக்கூடாதுன்னா பிள்ளைக்குப் பயம் விட்டுப்போகாதா பிரதர்?" நியாயமான கேள்வி. கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ராத்திரி பத்து மணிக்குமேல் போன் பார்க்கக்கூடாது என்று சொல்லியும் பார்த்தால், மறுநாள் போன் கிடையாது. அது கண்டிப்பு. ஆனால், பிள்ளை தானாக வந்து, "அப்பா, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று சொன்னதற்காகத் தண்டனை கொடுத்தால், இனி சொல்லாதே என்று நாமே கற்றுக்கொடுக்கிறோம். ஒழுங்கை மீறினதற்குத் தண்டனை இருக்கட்டும், வந்து சொன்னதற்குத் தண்டனை வேண்டாம். இந்த இரண்டையும் பிரித்து வைக்கத் தெரிந்த வீட்டில் பிள்ளைக்கு மரியாதையும் இருக்கும், வாசலும் திறந்திருக்கும்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். எத்தனை மணி நேரம்? உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு அளவு கொடுத்தது. ஒரு வயதுவரை திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மிஞ்ச வேண்டாம், குறைவாயிருந்தால் இன்னும் நல்லது. பெரிய பிள்ளைகளுக்கு மணிக்கணக்கைவிட இடமும் வேளையும் முக்கியம் என்பது நான் கண்ட அனுபவம். கதவை மூடின அறையில் போன் வேண்டாம், கூடத்தில் இருக்கட்டும். சாப்பிடும்போது யாருக்கும் போன் வேண்டாம். ராத்திரி எல்லாப் போனும் ஒரே இடத்தில் சார்ஜில் கிடக்கட்டும். அப்பாவின் போனும் அங்கேதான்! பிள்ளைக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டம் என்றால் அது நிலைக்காது.

அரசாங்கங்களும் இப்போது விழித்திருக்கின்றன. அமெரிக்காவில் 1998-ல் வந்த ஒரு சட்டம், 13 வயதுக்குட்பட்ட பிள்ளையின் விவரங்களைப் பெற்றோர் சம்மதமில்லாமல் வாங்கக்கூடாது என்றது. அநேக ஆப்களில் "13 வயது" என்று கேட்பது அதிலிருந்து வந்ததே. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல், 16 வயதுக்குட்பட்டவர்கள் பெரிய சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருக்கக்கூடாது என்ற சட்டம் அமலுக்கு வந்தது. நம் நாட்டில் 2023-ல் நிறைவேறின தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம் 18 வயதுவரை பிள்ளை என்றே எண்ணி, பெற்றோர் சம்மதம் கேட்கிறது. எல்லாம் நல்லதே. ஆனால் பிறந்த வருஷத்தை மாற்றிப் போட ஒரு பிள்ளைக்கு அரை நிமிஷம் போதும். சட்டம் மதிலுக்கு வெளியே காவல் காக்கும். வீட்டுக்குள் விழித்திருக்க வேண்டியவர்கள் நாமே.

ஆகையால் வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். துப்பறிகிற போலீஸ்காரனைப்போல் அல்ல. "இந்த விளையாட்டை எப்படி ஆடுறது, எனக்கும் சொல்லிக்கொடு" என்று கேளுங்கள். பிள்ளைக்கு மகா சந்தோஷம் உண்டாகும். பேச்சோடு பேச்சாக, "இதுல தெரியாதவங்க வந்து பேசுவாங்களா? என்ன கேட்பாங்க?" என்றும் கேளுங்கள். பத்து மேடைப் பிரசங்கத்தில் வெளிவராத காரியம் அந்த அரை மணி நேரத்தில் வெளிவரும்.

குடும்பமாய்ச் சிந்திக்கக் கேள்விகள்

1. என் பிள்ளை இப்போது ஆடுகிற விளையாட்டின் பெயர் எனக்குத் தெரியுமா?
2. போன வாரம் போனைக் குறித்து நான் பேசின வார்த்தைகளில் மிரட்டல் எத்தனை, விசாரிப்பு எத்தனை?
3. பெற்றோராகிய எங்களிடம் சொல்ல முடியாவிட்டால், பிள்ளை நம்பிப் பேசக்கூடிய அத்தை, மாமா, பெரியம்மா, வகுப்பு ஆசிரியர் யார்? அவர்கள் பெயரைப் பிள்ளையிடமே சொல்லியிருக்கிறோமா?
4. 1930, 1098 என்ற இரண்டு எண்களும் எங்கள் வீட்டில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா?

இந்த இதழை மூடி வைத்துவிட்டு இன்று இரவே ஒரு காரியம் செய்யுங்கள். சாப்பாடு முடிந்ததும் பிள்ளையை அருகே அழைத்து, இதைச் சொல்லுங்கள்: "போன்ல என்ன தப்பு நடந்தாலும் சரி, நீ செஞ்சதா இருந்தாலும் சரி, எங்ககிட்ட வந்து சொல்லு. சொன்னதுக்காக அடிக்க மாட்டோம், போனையும் பிடுங்க மாட்டோம்." சொன்னபின் அந்த வாக்கைக் காத்துக்கொள்ளுங்கள். என்றைக்காவது ஒரு ராத்திரி உங்கள் பிள்ளை அதை நம்பி உங்கள் கட்டிலண்டை வந்து நிற்கும்.